கயிற்றில் மூன்றடி ஈரம்

ஒரு குப்பத்து ஜனங்களை மொத்தமாகக் கொன்றுவிட்டேன் என்று நிச்சயமாக நம்பிக்கொண்டு, யாரோ ஒரு டச்சுக்காரனுடைய கல்லறைக்குப் பின்னால் பதுங்கி, ஒற்றைச் செருப்போடு நான் முழங்கால் போட்ட நாள் ஒன்று உண்டு. 1957ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். இன்னொரு செருப்பு எங்கே போயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்பான விசுவாசிகளே, சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரி எஸ்தர் இரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்டவர் என்னை அங்கிருந்து எப்படித் தூக்கி எடுத்தார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. என் தகப்பனார் செங்கல்பட்டுப் பக்கத்தில் பிறர் நிலத்தில் ஏர் பிடித்தவர். மிஷன் பள்ளிக்கூடம் இருந்ததால் நான் எழுத்துப் படித்தேன். சுகாதார இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்தது. உத்தியோகத்தில் இருந்துகொண்டே முப்பத்தெட்டாம் வயதில் பி.ஏ. பாஸ் பண்ணினேன். நாற்பத்துநாலாம் வயதில், பட்டதாரிகளுக்கென்று ஒரு வருஷ மேல்படிப்பு மதராஸில் ஆரம்பித்திருக்கிறார்கள், நீ போய்ப் படித்துவிட்டு வா என்று இலாகாவில் அனுப்பிவைத்தார்கள். சுகாதாரக் கல்வி, ஆஸ்பத்திரி நிர்வாகம், தொழிலிடங்களில் பாதுகாப்பு என்று மூன்று பெரிய பாடம். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் மீசை அப்போதுதான் கறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. என்னை அவர்கள் "மாமா" என்று கூப்பிட்டார்கள்.

படிப்பில் நான் எப்படி இருந்தேன் என்றும் மறைக்கமாட்டேன். ஒரு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்கப் போனேன். நின்று பார்த்தால்தானே தெரியும் என்று வரிசையில் நானும் நின்றேன். என் முறை வந்தது. நாக்கை நீட்டச் சொன்னார்கள். நான் நோயாளியில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்; அதையே நாக்கு நீட்டினதாக எடுத்துக்கொண்டார்கள். கொடுத்த மிக்சரை வெட்கப்பட்டுக்கொண்டு குடித்தும் விட்டேன். இன்னொரு தடவை, பாதுகாப்புப் பாடத்துக்காக ஒரு அரிசி மில்லுக்குப் போனோம். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் தொளதொளவென்று எதையும் போட்டுக்கொண்டு நிற்கக்கூடாது என்று தொழிலாளிகளுக்கு நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே என் தோள்துண்டை பெல்ட் இழுத்துக்கொண்டு போயிற்று. கழுத்தைச் சுற்றிப் போடாமல் தோளில் சும்மா போட்டிருந்தேன். அதனால்தான் இந்தச் சாட்சியை எழுத உயிரோடு இருக்கிறேன். அந்த மில்லில் அன்றுமுதல் ஒருவரும் துண்டு போட்டுக்கொண்டு வேலைக்கு வருவதில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அதிலேயே ஆண்டவர் எனக்கு ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

கடைசிப் பரீட்சை எழுத்தில் இல்லை. ஆளுக்கொரு கிராமத்தில் மூன்று வாரம் தங்க வேண்டும். அங்குள்ள ஒரு சுகாதாரக் கேட்டை ஜனங்களைக் கொண்டே சரிசெய்ய வேண்டும். எங்கள் பேராசிரியை ஒரு டாக்டர் அம்மாள். அளந்து பேசுவார்கள். "நீங்கள் மருந்து போடுகிற கிணறு ஒரு நாளைக்குத்தான் சுத்தம். அவர்கள் போடக் கற்றுக்கொண்ட கிணறு என்றைக்கும் சுத்தம். அதனால் எதையும் நீங்கள் செய்யாதீர்கள், அவர்களைச் செய்ய வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். இந்த வாக்கியத்தை நான் நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டு வைத்திருந்தேன். என் கழுத்துக்குக் கயிறாக வந்தது இந்த அடிக்கோடுதான்.

எனக்கு விழுந்தது சதுரங்கப்பட்டினத்துக் கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன மீன்பிடிக் குப்பம். நாற்பது வீடு. மணலுக்கு நடுவில் ஒரே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. அதை விட்டால் மேற்கே கால்வாய் ஓரத்தில் ஒரு குட்டை. நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரத்தில், அந்தக் குட்டைக்கு அக்கரையில் இருக்கிற ஊரில் வாந்திபேதி கண்டிருக்கிறது என்று செய்தி வந்தது. அந்த ஊரார் துணி துவைக்கிறது, நோயாளி பாயை அலசுகிறது எல்லாம் அதே குட்டையில்தான். கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டு, குப்பத்தார் அந்தக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் குடித்தால் பிழைத்தார்கள். கிணற்றை விட்டுக் குட்டைக்குப் போனார்களோ, அவ்வளவுதான்.

மூன்று வாரமாகக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியே பேசிப் பேசி எனக்குத் தொண்டை கட்டிற்று. துணிப் பலகையில் படம் ஒட்டிக் காட்டினேன். முன்வரிசையில் இருந்தவர்கள் உட்கார்ந்தபடி தூங்கினார்கள், பின்வரிசையில் இருந்தவர்கள் படுத்துத் தூங்கினார்கள். பாவம், விடியுமுன்னே கடலுக்குப் போய் வந்தவர்கள். எனக்குப் "பொடி சாரு" என்று பெயர் வைத்ததைத் தவிர என் பிரசங்கத்தால் வேறு பலன் இல்லை.

புதன்கிழமை காலையில் டாக்டர் அம்மாள் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அதனால் செவ்வாய்க்கிழமை விடிந்ததும் விடியாததுமாகக் கிணற்றுக்கு மருந்து போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். எவ்வளவு தண்ணீரோ அதற்குத் தக்க பவுடர். அகலத்தை நான் அளந்துவிட்டேன். ஆழத்தை ஜனங்களைக் கொண்டே அளக்க வேண்டும், இல்லையா? அடிக்கோடு போட்டிருக்கிறேனே.

குப்பத்தில் கன்னியப்பன் என்று ஒருவர். என் வயதுதான் இருக்கும். கட்டுமரத்தில் போகும்போது ஈயக்குண்டு கட்டின கயிற்றை இறக்கிக் கடல் ஆழம் பார்த்துச் சொல்கிறவர் அவர்தான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அதாவது ஆறடி. அன்றைக்குக் காற்று முறுக்கிக்கொண்டு அலை எகிறினதால் கட்டுமரங்கள் கடலில் இறங்கவில்லை. கன்னியப்பன் சும்மா இருந்தார். கூப்பிட்டேன். மனுஷன் சந்தோஷமாகக் கயிற்றோடு வந்தார். கிணற்றுச் சுவரில் கையை வைத்துக் குண்டை இறக்கினார். குண்டு தரை தட்டினதும் கயிற்றைப் பிடித்து அளந்து, "ரெண்டரைப் பாகம் சாரே" என்றார்.

ரெண்டரைப் பாகம், பதினைந்தடி. கணக்குப் போட்டேன். பெருக்கினேன். சரிபார்த்தேன். தப்பே இல்லை. அவ்வளவு பவுடரா என்று எனக்கே ஒரு நிமிஷம் தோன்றிற்று. ஆனால் புத்தகம் பொய் சொல்லுமா, கன்னியப்பன்தான் பொய் சொல்வாரா. கரைத்துத் தெளியவைத்து ஊற்றிவிட்டு, காலையில் கஞ்சி குடித்துக்கொண்டே டாக்டர் அம்மாளுக்குச் சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரைமணி நேரம் பொறுத்துத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன். காத்தாயி என்று ஒரு பெண்பிள்ளை, கருவாட்டுக் கூடைக்காரி, குப்பத்தில் அவள் சொன்னால் மறுபேச்சுக் கிடையாது. அவள்தான் முதல் குடம் எடுத்தாள். ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். துப்பினாள். கண்ணைக் கசக்கினாள். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இன்னா சாரே, கெணத்துல இன்னாத்த கொட்டிக்கீற? மூக்கு எரியுது, வாயி எரியுது. இத மாடு கூட குடிக்காது."

நான் கிணற்றுக்கு ஓடினேன். வாசனை பத்தடி தூரத்திலேயே என்னை அடித்தது. என்ன தப்பு, எங்கே தப்பு என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். கிணற்றுச் சுவரின்மேல் கன்னியப்பனுடைய கயிறு காய்ந்துகொண்டிருந்தது. பதினைந்தடி அளந்த கயிறு. அதில் நுனியில் மூன்றடிதான் ஈரம்.

சகோதரரே, சகோதரிகளே, கடலில் ஆழம் பார்க்கிறவன் மரத்து ஓரத்தில் கையை வைத்துத்தான் கயிற்றை இறக்குவான். அங்கே அவன் கைக்குக் கீழே எல்லாமே தண்ணீர். அதே பழக்கத்தில் கிணற்றுச் சுவரில் கையை வைத்து இறக்கியிருக்கிறார். கோடைக் கிணறு. சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே பன்னிரண்டடி வெறும் காற்று. அந்தக் காற்றுக்கும் சேர்த்து மருந்து போட்டவன் நான். ஐந்து பங்கு.

என் புத்தி அந்த இடத்தில் கழன்றுவிட்டது. எனக்குத் தெரிந்த சுகாதார சாஸ்திரம் எல்லாம் ஒரே நொடியில் பறந்தது. யாரார் குடித்தார்கள், எத்தனை பிள்ளைகள், போலீஸ் எத்தனை மணிக்கு வரும், எஸ்தர் விதவையானால் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று ஓடிற்று மனசு. சாகப்போகிறவர்கள் அவர்கள், நான் ஏன் என் பெண்டாட்டியை விதவையாக்கினேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், வயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கோட்டையைப் பார்த்து ஓடினேன். வயிற்றுப்போக்கு என்று நினைத்து வழி விட்டார்கள்.

கோட்டைக்குள்ளே பழைய டச்சுக் கல்லறைகள் உண்டு. ஒன்றில் மண்டையோடும் எலும்பும் செதுக்கியிருக்கும். அதற்குப் பின்னால்தான் விழுந்தேன். அன்றைக்கு நான் செய்த ஜெபத்தை அப்படியே எழுதுகிறேன். வெட்கமில்லை.

ஆண்டவரே, மழை அனுப்பும், கிணறு நிரம்பட்டும் என்றேன். ஏப்ரல் மாதத்து வானம், ஒரு பஞ்சுத் துண்டு மேகம் இல்லை. ஆண்டவரே, டாக்டர் அம்மாளின் கார் திருக்கழுக்குன்றத்தில் பழுதாகட்டும் என்றேன். உடனே, ஐயோ விபத்தாகிவிடப் போகிறது, டயர் மட்டும் போகட்டும் என்று திருத்தினேன். இனிமேல் காப்பி குடிக்கமாட்டேன் என்றேன். சபைக் கூட்டத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து பேசமாட்டேன் என்றேன். கன்னியப்பன் தலையில் பழியைப் போட்டுவிடலாமா என்றும் கேட்டேன். அதை ஜெபத்தில் கேட்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பேசிப் பேசி வார்த்தை தீர்ந்தது. தலையைத் தூக்கினால் எதிரே அந்த மண்டையோடு என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. அப்போதுதான் குட்டை ஞாபகம் வந்தது. கிணற்றுத் தண்ணீரை இனி ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். இன்றைக்கு மட்டுமில்லை, பொடி போட்ட தண்ணீர் என்றாலே என்றைக்கும் தொடமாட்டார்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு குட்டைக்குத்தான் போவார்கள். பவுடர் அவர்களைக் கொல்லாது. குட்டைதான் கொல்லும். அனுப்பிவைத்தவன் நானாக இருப்பேன்.

அப்போது ஒன்றே ஒன்று கேட்டேன். "ஆண்டவரே, படிப்புப் போனால் போகட்டும். அந்தத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து எடுத்துவிடும். அவர்களைக் குட்டைக்குப் போக விடாதேயும்."

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. தரிசனமும் இல்லை. "போய்ச் சொல்லு" என்கிற ஒரே நினைப்பு மட்டும் ஆணி அடித்தது போல் மனசில் நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. வேறு பதில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை. எழுந்தேன்.

குப்பத்தை நெருங்கினேன். கிணற்றைச் சுற்றி ஊரே நிற்கிறது. ஆண்களும் பெண்களும் வரிசை கட்டிக் குடம் குடமாக இறைக்கிறார்கள். இரண்டு வாளி, மூன்று வாளி, ஓய்வே இல்லை. குடிக்கத்தான் எடுக்கிறார்கள் என்று நினைத்து, "குடிக்காதீங்க, குடிக்காதீங்க" என்று கத்திக்கொண்டு ஒற்றைச் செருப்போடு மணலில் ஓடி, நடுவில் விழுந்து, எழுந்து, கிணற்றுச் சுவரைக் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்று வாரத்தில் முதல் தடவையாகக் குப்பம் முழுவதும் விழித்த கண்ணோடு என் பேச்சைக் கேட்டது.

சொல்லிவிட்டேன். ஐந்து பங்கு போட்டுவிட்டேன், கணக்குத் தப்பு, தப்பு என்னுடையது, படித்தவன் கயிற்றைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றேன். அக்கரையில் வாந்திபேதி, செத்தாலும் குட்டைக்குப் போகாதீர்கள், என்னை அடிப்பதானால் அடித்துவிட்டு இதை மட்டும் கேளுங்கள் என்றேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். மூக்கு ஒழுகிற்று.

கன்னியப்பன் மெதுவாக வந்து தன் கயிற்றை எடுத்தார். ஈரம் பட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"கடல்ல கைக்குக் கீழ எல்லாம் தண்ணி தான சாரே. இங்க காத்து கீதுன்னு எனக்குத் தோணல. நீ இன்னாத்துக்கு அழுவுற, அளந்தவன் நானு" என்றார்.

"ரெண்டு பேரும் அப்புறமா கட்டிப்புடிச்சி அழுவுங்க, இப்ப வழிய வுடுங்க" என்றாள் காத்தாயி. "யாரு இத குடிக்கறது? வலைக்கு சாயம் போடறோம். வலைக்கு மூக்கா கீது?"

அப்போதுதான் பார்த்தேன். கரையில் மூன்று பெரிய கொப்பரை அடுப்பில் ஏறியிருக்கிறது. மரப்பட்டை கொதிக்கிறது. பருத்தி வலையைப் பட்டைச் சாயத்தில் முக்கி எடுத்தால்தான் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகாது. மாதத்துக்கு ஒரு தடவை ஊரே கூடிச் செய்கிற வேலை. வெள்ளிக்கிழமைக்கு என்று வைத்திருந்தார்களாம். காற்று முறுக்கி மரம் இறங்காததால் ஆட்கள் எல்லாம் கரையில். கிணற்றுத் தண்ணீரோ குடிக்க உதவாது. சரி, வலைக்காவது ஆகட்டும் என்று காத்தாயிதான் இன்றைக்கே அடுப்பை மூட்டச் சொல்லியிருக்கிறாள். நான் கோட்டைக்குள்ளே "தண்ணீரை எடுத்துவிடும்" என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே வாளி ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. நான் முழங்கால் போடுமுன்னே காற்று முறுக்கியாகிவிட்டது. நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பயந்தவனுக்குப் பயம் விடுமா? இந்தத் தண்ணீரில் வலை வெளுத்து இற்றுப்போனால் என்ன செய்வது என்று அடுத்த கவலை பிடித்தது. காத்தாயியிடம் கேட்டேன். வெறும் தண்ணீரை முதலில் கொதிக்க வைத்தோம், வாசனை ஆவியோடு போய்விட்டது, பிறகுதான் பட்டையைப் போட்டோம், பட்டை போடுமுன் எடுத்த தண்ணீரில் கஞ்சியே வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை, நீயும் குடித்துப் பார் என்றாள்.

கொதிக்க வைத்தால் போய்விடும். எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. பரீட்சையில் அந்தக் கேள்வி வந்து, நான் முழுப் பக்கம் விடை எழுதி, நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எழுதின அந்தக் கை கல்லறையைக் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு எழுத்து ஞாபகம் வரவில்லை. கருவாட்டுக் கூடைக்காரி கஞ்சிச் சட்டியை வைத்து எனக்குப் பாடம் ஒப்பித்தாள். அன்றைய பொழுதுக்குக் குப்பம் முழுவதும் காய்ச்சின தண்ணீரைக் குடித்தது. குட்டைக்கு ஒரு குடம் போகவில்லை. போகப் புறப்பட்ட இரண்டு பேரைக் காத்தாயியே வழிமறித்துத் திருப்பினாள்.

மத்தியானத்துக்குள் கிணற்றின் அடிமணல் தெரிந்தது. நானும் இறைத்தேன். சாயங்காலம் ஊற்று சுரந்து புதுத் தண்ணீர் முழங்காலளவு நின்றது, இருட்டுமுன் மூன்றடிக்கு வந்தது. கன்னியப்பன் மறுபடியும் கயிற்றை இறக்கினார். இந்தத் தடவை மேலே இழுத்து, ஈரத்தை மட்டும் கையால் அளந்து, சுற்றியிருந்த எல்லாருக்கும் காட்டினார். ஆளாளுக்குக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்த ஈரத்துக்கு எவ்வளவு பொடி என்று கேட்டார்கள். ஒரு சின்ன டப்பாவில் கோடு போட்டுக் காட்டினேன். காத்தாயி டப்பாவை வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டாள். கரைத்ததும் ஊற்றினதும் அவர்கள்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கட்டிக்கொள்ளச் சொன்னதும் அவள்தான்.

புதன்கிழமை காலையில் டாக்டர் அம்மாளின் கார் நாலு டயரும் நன்றாக இருக்க, சொன்ன நேரத்துக்கு வந்து நின்றது. கிணற்றடியில் முதல் குடம் ஏறிற்று. எல்லாரும் குடத்தைப் பார்க்கிறார்கள், ஒருவரும் தொடவில்லை. நேற்றைய எரிச்சல் எல்லார் நாக்கிலும் இருக்கிறது. காத்தாயி ஒரு செம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"மொதல்ல நீ குடி."

குடித்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்னொரு செம்பு குடித்தேன். "விழுவாரான்னு பாருங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிரிப்புக் கிளம்பிற்று. மூன்றாவது செம்பைக் காத்தாயி வாங்கித் தான் குடித்தாள். அதற்குப் பிறகு குடங்கள் நெருங்கின நெருக்கத்தில் எனக்கு நிற்க இடமில்லை.

டாக்டர் அம்மாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கன்னியப்பனிடம் கிணறு பற்றிக் கேட்டார்கள். அவர் கயிற்றைக் கொண்டுவந்து இறக்கி, இழுத்து, ஈரத்தைக் காட்டி, "இத்த மட்டும் அளக்கணும்மா, மேல இருக்கறது காத்து" என்று அம்மாளுக்கே பாடம் நடத்தினார். எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று அம்மாள் கேட்டார்கள். எனக்கு வியர்த்தது. காத்தாயி முந்திக்கொண்டாள். பவுடரைக் கொட்டினதிலிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினது, செருப்பைத் தொலைத்தது, சுவரைக் கட்டிக்கொண்டு மூக்கு ஒழுகினதுவரை, ஒன்றை விடாமல், நான் விழுந்த இடத்தை நடித்தும் காட்டிச் சொன்னாள். முடித்துவிட்டு ஒன்று சொன்னாள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"எத்தினியோ ஆபீசருங்க வந்துகினு போய்க்கினு கீறாங்கம்மா. என் தப்பு தான்னு சொன்ன ஆளு இவரு ஒருத்தரு தான். அதான் குடிக்கறோம்."

அம்மாள் எதையோ எழுதிக்கொண்டு காரில் ஏறினார்கள். கதவைச் சாத்துமுன் என்னைக் கூப்பிட்டார்கள். "மூன்று வாரம் பேசினீர்கள், தூங்கினார்கள். ஒரு நாள் தப்பு செய்தீர்கள், கற்றுக்கொண்டார்கள். பாஸ்தான். அடுத்த தடவை தப்பைக் கொஞ்சம் சின்னதாகச் செய்யுங்கள்." அவ்வளவுதான். சிரித்தார்களா என்று தெரியவில்லை, கண்ணாடி பளிச்சிட்டது.

அந்தக் கோடையில் கால்வாய் ஓரமாகப் பல ஊரில் வாந்திபேதி கண்டது. எங்கள் குப்பத்தில் ஒரு வீட்டிலும் காணவில்லை. நாற்பது வீட்டுப் பிள்ளைகளும் இன்றைக்கும் அந்த மணலில் ஓடுகிறார்கள். கர்த்தருக்கே மகிமை. நான் மார்தட்டிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை, மார்பெல்லாம் அன்றைக்கே மணல்.

நான் இப்போது செங்கல்பட்டில் புதிதாக வருகிற சுகாதார ஊழியர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். முதல் நாள், முதல் மணி, இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். மரியாதை குறைந்துவிடும் என்று நண்பர்கள் பயந்தார்கள். நேர்மாறாக, பையன்கள் தங்கள் தப்பை என்னிடம் முதல் நாளே வந்து சொல்கிறார்கள். கெட்டது பெருகுமுன் சரிசெய்துவிடுகிறோம். முன்பெல்லாம் நான் வீட்டில்கூட ஒரு தப்பை ஒத்துக்கொண்டவன் இல்லை. இப்போது எஸ்தரிடம் உடனே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது, அது வேறு விஷயம். காப்பி மட்டும் விட முடியவில்லை. அந்தப் பேரத்தை ஆண்டவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை என்றுதான் நம்புகிறேன்.

இதை வாசிக்கிற உங்களில் யாராவது இன்றைக்கு ஏதாவது ஒரு கல்லறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கலாம். நோயாக இருக்கலாம், வெட்கமாக இருக்கலாம், செய்துவிட்ட ஒரு பெரிய தப்பாக இருக்கலாம். என் அனுபவத்தைக் கேளுங்கள். அன்றைக்கு நான் அரைமணி நேரம் ஜெபம்பண்ணினேன். கன்னியப்பன் கயிற்றை வைத்து அளந்தால் அதில் முக்கால்வாசிக்கு மேல் வெறும் காற்று: மழை, டயர், காப்பி. கடைசியில் இரண்டு வார்த்தைதான் ஈரம். அந்த ஈரத்தைத்தான் ஆண்டவர் அளந்தார். அதற்குத்தான் பதில் கொடுத்தார். அதனால் நல்ல ஜெபம் பண்ணத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். முழங்கால் போடுங்கள், உளறுங்கள், உளறி முடியுங்கள், உள்ளதைச் சொல்லுங்கள். "போய்ச் சொல்லு" என்று அவர் சொன்னால் எழுந்து போங்கள். நீங்கள் போய்ச் சேருமுன்னே அங்கே வாளி ஏறிக்கொண்டிருக்கும்.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். திங்கட்கிழமை தோறும் தாங்களே மருந்து போடுகிறார்கள். கிணற்றுச் சுவரில் கன்னியப்பனின் கயிறு காய்ந்துகொண்டிருந்தது. காத்தாயி தூரத்திலேயே என்னைப் பார்த்துவிட்டு, ஒரு செம்பு மொண்டு நீட்டினாள். இரண்டு வருஷமாகியும் அந்தக் குப்பத்துக்கு நான் போனால், நான் குடிக்குமுன் ஒருவரும் குடிக்கமாட்டார்கள்.

ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுக் குடித்தேன்.